தாய் யானையைக் கொன்றது யார்?



2023-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், திரையுலகின் மணிமுடி என்று ஏடுகள் ஏற்றிப் போற்றும் ஆஸ்கார் விருது, தமிழ் பேசும் குறும்படம் ஒன்றுக்குச் சூட்டப்பட்டது. முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமிலே எடுக்கப்பட்ட படம். கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கினார். குனீத் மோங்கா தயாரித்தார். பெயர் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்'. யானையிடம் காதோடு காதாகப் பேசுவோர் என்று பொருள் கொள்ளலாம். ஆவணக் குறும்படப் பிரிவிலே இந்தியத் தயாரிப்பு ஒன்று வாகை சூடியது அதுவே முதல் முறை. ஏடுகள் பாராட்டின. அமைச்சர்கள் பூரித்தனர். டில்லியும் சென்னையும், வேறெதிலும் ஒத்துப்போகாத அந்த இரு கோட்டைகளும், இந்த ஒன்றிலே ஒரே குரலில் வாழ்த்துப் பாடின.

பாடட்டும். தமிழ்நாட்டுப் பழங்குடி மக்களின் பேச்சும் மூச்சும் உலக அரங்கிலே ஒலித்தது நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அந்த வாழ்த்தொலியின் ஆரவாரத்திலே ஒரு கேள்வி அமுங்கிப் போயிற்று. கெலமங்கலத்துக் கழனியிலே நின்று பார்ப்பவன் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஏனென்றால் அந்தப் படத்தின் கதை தொடங்குமிடம் முதுமலை அன்று, நம்முடைய கொல்லைப்புறம்!

படம் நல்ல படம் என்பதை முதலிலே சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 40 நிமிடம் ஓடுகிறது. காட்டுநாயக்கர் குலத்துப் பொம்மன், அவருடன் பெள்ளி. தாயில்லாக் குட்டி ஒன்று அவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. ரகு என்று பெயர். நாய்கள் கடித்துக் குதறிய வாலோடு, பிழைக்குமா பிழைக்காதா என்ற நிலையில் வந்த அந்தக் குட்டியை, பெற்ற பிள்ளையினும் பெரிதாக இருவரும் பேணுகிறார்கள். புலிக்குக் கணவனைப் பறிகொடுத்த பெள்ளி, அந்தக் குட்டியின் தும்பிக்கைத் தழுவலிலே தன் துயரத்தை ஆற்றிக்கொள்கிறார். வளர்த்தவர் இருவரும் மணம் புரிகின்றனர். பொம்மி என்னும் இன்னொரு குட்டியும் வந்து சேர்கிறது. பிறகு ஒருநாள் வனத்துறை ரகுவை வேறொரு பாகனிடம் மாற்றிவிடுகிறது. அந்தப் பிரிவிலே பெள்ளியின் கண்ணீரைக் கண்டு கலங்காதவன் கல்நெஞ்சன். நானும் கலங்கினேன்.

கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து பார்த்தேன். ரகுவின் தாய் எப்படி மாண்டது? அதற்குப் படம் விடை சொல்லாமலில்லை. வறட்சிக் காலத்திலே இரை தேடி ஊர்ப்பக்கம் வந்த கூட்டத்தில் இருந்தது, மின்சாரம் தாக்கி இறந்தது. அவ்வளவுதான் சொல்லப்படுகிறது. சொல்லிவிட்டுப் படம் மேலே போய்விடுகிறது, பால் புட்டிக்கும் குளியலுக்கும் பூமாலைக்கும்.

அந்த ஒரு வரி நடந்த இடம் எது தெரியுமா? 2017-இலே, கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை வனப்பகுதி. கெலமங்கலத்திலிருந்து பேருந்தேறினால் பத்திரிகையைப் படித்து முடிப்பதற்குள் போய்ச் சேரும் தூரம். உலகம் உச்சிமுகர்ந்த அந்தக் குட்டி நம் மண்ணின் அனாதை. அதை அனாதையாக்கிய கம்பி நம் வட்டாரத்துக் கம்பி. பாசத்துக்குப் பரிசளித்த அவை, அந்தக் கம்பியைப் பற்றி ஏன் ஒரு சொல் கேட்கவில்லை என்பதே என் வினா.

அந்த ஆண்டு அதே பிரிவிலே பரிந்துரை பெற்ற படங்கள் ஐந்து. மற்ற நான்கையும் பார்த்தால்தான், முடி யாருக்குச் சூட்டப்பட்டது, எதற்காகச் சூட்டப்பட்டது என்பது விளங்கும்.

'ஹாலவுட்' என்பது ஒன்று. உருசிய நாட்டு உடன்பிறந்தார் இருவர் எடுத்த 25 நிமிடப் படம். சைபீரியாவின் வடகோடிக் கடற்கரையிலே ஒற்றைக் குடிசை. உள்ளே ஓர் ஆராய்ச்சியாளர். ஒருநாள் கதவைத் திறக்கிறார். வாயிற்படி வரையில் வால்ரஸ் என்னும் தந்தமுடைய கடல்விலங்குகள், ஒன்றல்ல, பத்தல்ல, ஏறத்தாழ ஒரு லட்சம்! படுக்கப் பனிப்பாறை இல்லை. கடல் வெப்பமேறிப் பனி உருகிவிட்டது. ஆகவே கரைக்கு வந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நெரிபட்டு மடிகின்றன. அந்த மனிதர் எதையும் வளர்க்கவில்லை, எதற்கும் பாலூட்டவில்லை. எண்ணுகிறார், எழுதுகிறார், பிணங்களிடையே நடக்கிறார். பேச்சு மிகக் குறைவு. ஆனால் படம் முடியும்போது பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது, இந்தச் சாவுக்குக் காரணம் விலங்கன்று, விதியன்று, மனிதர் நடத்தும் தொழிலின் வெப்பம் என்று. என்னைக் கேட்டால் அந்த ஆண்டு முடி அதற்கே உரியது.

'தி மார்த்தா மிட்செல் எஃபெக்ட்' இன்னொன்று. நிக்சன் அமைச்சரவையில் சட்டத்துறைத் தலைவராக இருந்தவரின் மனைவி, வாட்டர்கேட் ஊழலைப் பற்றி வாய் திறந்தார். அவரைப் பித்துப் பிடித்தவர் என்று தூற்றி அடக்கினார்கள். பழைய படத்துண்டுகளை ஒட்டி எடுத்த படம்தான். ஆயினும் குற்றவாளியின் பெயரைக் கூசாமல் சொல்கிறது. அதனாலேயே எனக்கு அது பிடித்தது. 'ஹவ் டூ யூ மெஷர் எ இயர்' என்பது, ஒரு தந்தை தன் மகளை ஒவ்வொரு பிறந்தநாளன்றும் அதே கேள்விகள் கேட்டுப் பிடித்த படம். இனிமையானது. வீட்டோடு வைத்துக்கொள்ளலாம்.

'ஸ்டிரேஞ்சர் அட் தி கேட்' என்பதிலே சற்று நிற்க வேண்டும். அமெரிக்க மரைன் படை வீரன் ஒருவன், போரிலே ஊறிய முஸ்லிம் வெறுப்போடு ஊர் திரும்பி, இந்தியானா மாநிலத்து மன்சி நகர்ப் பள்ளிவாசலைக் குண்டு வைத்துத் தகர்க்கத் திட்டமிடுகிறான். அங்கே போகிறான். ஆப்கானிய அகதிப் பெண்மணி ஒருவரும் மற்றவர்களும் அவனை அன்போடு வரவேற்கிறார்கள். அவன் மனம் மாறுகிறது. மெய்யாக நடந்த கதை, மெய்சிலிர்க்கும் கதை. ஆனால் அவனைப் போருக்கு அனுப்பியவர் யார், அந்தப் பெண்மணியை அகதியாக்கியது எந்தப் போர் என்ற வினாக்கள் அன்பின் வெள்ளத்திலே மிதந்து போய்விடுகின்றன.

இப்போது தெரிகிறதா அந்த அவையின் சுவை? பாதிக்கப்பட்டவன் பண்போடு நடந்துகொள்ள வேண்டும். பாதித்தவன் பெயர் வரக்கூடாது. ஏழையின் அன்பு எவ்வளவு வேண்டுமானாலும் வழியலாம். ஏழ்மையின் காரணம் ஒரு வரிக்கு மேல் வளரக்கூடாது. அப்படிப்பட்ட படம் கிடைத்தால் அள்ளிக்கொள்கிறார்கள். எப்போதும் அப்படித்தான் என்று நான் சாதிக்கவில்லை. 1958-இலே மெஹபூப் கானின் 'மதர் இந்தியா' பரிந்துரை வரையில் போயிற்று. அதிலே கடன்காரன் சுகிலாலா முகமூடியின்றி நின்றான், உழவனைக் கொள்ளையிட்டது கணக்குப் புத்தகம் என்பது பச்சையாகத் தெரிந்தது. பரிசு ஃபெல்லினியின் இத்தாலியப் படத்துக்குப் போனது வேறு சங்கதி. நம் வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இலே இராட்டர்டாமில் புலி விருது பெற்று, இந்தியாவின் படமாக ஆஸ்காருக்கும் அனுப்பப்பட்டது. குடிக்க நீரில்லாத நிலத்திலே ஒரு தகப்பனும் மகனும் வெயிலில் நடக்கிற படம். யாரும் யாரையும் தழுவிக்கொள்ளவில்லை. பரிந்துரைப் பட்டியலின் வாசலைக்கூட அது மிதிக்கவில்லை.

திரையை விட்டுத் தரைக்கு வருவோம்.

விருது வழங்கும் நாளுக்கு ஐந்து நாள் முன்னதாக, 2023 மார்ச் 7-ஆம் நாள், தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கத்திலே என்ன நடந்தது? இராயக்கோட்டையைத் தாண்டினால் பாலக்கோடு வட்டம். நமக்கு அண்டை நிலம். பயிரைக் காக்கச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சியிருந்த வேலியிலே சிக்கி மூன்று பெண் யானைகள் ஒரே இடத்தில் மாண்டு விழுந்தன. இரண்டு குட்டிகள் பிணங்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. ரகுவின் கதை அப்படியே மீண்டும்! ஒன்றுக்கு மூன்றாக! லாஸ் ஏஞ்சல்ஸ் மேடையிலே கைதட்டல் முழங்கியபோது படத்தின் நாயகர் பொம்மன் எங்கே இருந்தார்? அமெரிக்காவில் இல்லை. முதுமலையிலும் இல்லை. தாயை இழந்த யானைக்குட்டியின் பொருட்டு வனத்துறையால் தருமபுரி மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். படத்துக்கு விருது, படம் எதைப் பற்றியதோ அந்தக் கொடுமை தொடர்கிறது, அதே மனிதர் அதே வேலையை மறுபடியும் செய்யப் போகிறார். எந்தக் கதாசிரியனும் இப்படி எழுதத் துணியமாட்டான்.

அந்த மார்ச்சு மாதத்திலேயே பரிசு மழையும் பொழிந்தது. மாநில அரசு இயக்குநருக்கு 1 கோடி ரூபாய் வழங்கியது. பொம்மனுக்கு 1 லட்சம், பெள்ளிக்கு 1 லட்சம். படம் பிடித்தவருக்கு ஒரு கோடி, பால் கொடுத்து வளர்த்தவருக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு! தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களின் பாகன்கள், காவடிகள் 91 பேருக்கும் தலைக்கு 1 லட்சமும், வீடு கட்ட 9.10 கோடியும் அறிவித்தார்கள். அது நல்ல காரியம், மறைக்கமாட்டேன். அந்த ஆண்டு ஆகஸ்டிலே பெள்ளியைத் தமிழ்நாட்டின் முதல் பெண் காவடியாக நியமித்ததும் நல்ல காரியமே. ஆனால் வீடில்லாமல் பாகன்கள் இருந்தார்கள் என்பது கோட்டைக்கு எப்போது தெரிந்தது? ஆஸ்கார் வந்தபின். ஒரு பெண் யானைக்குட்டியை வளர்க்கிறாள், அவளுக்கு உத்தியோகம் வேண்டும் என்பது எப்போது தெரிந்தது? ஆஸ்கார் வந்தபின். அமெரிக்காக்காரன் சொன்னால்தான் அடுத்த காட்டிலிருப்பவன் கண்ணுக்குத் தெரிவானென்றால், கேமரா போகாத காடுகளின் கதி என்ன? ஏப்ரலிலே பிரதமர் தெப்பக்காடு வந்தார். ஆகஸ்டிலே குடியரசுத் தலைவர் வந்தார். யானைக்குக் கரும்பு கொடுத்தார்கள், படமெடுத்துக்கொண்டார்கள். தேன்கனிக்கோட்டைக்கு எவரும் வரவில்லை. குட்டி இருக்குமிடம் காட்சிக்கு அழகு. தாய் செத்த இடம் அழகில்லையே!

'கொன்றது உழவன்தானே, பிடித்து உள்ளே தள்ளு' என்று நகரத்து நண்பர்கள் சொல்கிறார்கள். மாரண்டஹள்ளி வழக்கிலே உழவர் ஒருவர் கைதும் ஆனார். வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் மின்சாரத்தையோ வேலிக் கம்பியிலே நேராகப் பாய்ச்சுவது குற்றம். அதிலே இரு கருத்தில்லை. சூரிய ஒளியால் இயங்கும் முறையான மின்வேலி, இமைப்பொழுது துடிப்பாக ஓர் அதிர்ச்சி கொடுத்து விலங்கை விரட்டும், கொல்லாது. நேர் இணைப்போ பிடித்த பிடியை விடாமல் கொல்லும். யானையை மட்டுமா? இரவிலே மடை திருப்பப் போகும் அண்டைக் காட்டுக்காரனையும் கொல்லும். இதையெல்லாம் உழவன் அறியாதவனல்லன். அறிந்தும் ஏன் செய்கிறான்?

ஐப்பசி, கார்த்திகையில் கேழ்வரகு முற்றும்போது நம் பக்கத்து ஊரொன்றில் ஓரிரவு தங்கிப் பாருங்கள். பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து கூட்டங் கூட்டமாக இறங்கும் யானைகள், தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக ஊடேதுர்க்கம், சானமாவு வரையில் வந்து தங்கும். வனத்துறைக்காரர் பட்டாசு கொளுத்தி இங்கிருந்து அங்கே விரட்டுவார். அங்கிருந்தவர் இங்கே விரட்டுவார். ஆறு மாதப் பாடு ஓர் இரவிலே மிதிபட்டுக் கூழாகும். இழப்பீட்டுக்கு மனு, மனுவுக்குச் சான்று, சான்றுக்கு அலைச்சல். கையெழுத்துகள் சேருவதற்குள் அடுத்த விதைப்பு வந்துவிடும். அவனுக்கு வேலி போட்டுக் கொடுக்க வேண்டிய அரசு வேலி போடவில்லை; பயிரின் விலையைப் பழுதின்றித் தர வேண்டிய அரசு தரவில்லை; அவன் கம்பியைக் கொக்கி போட்டு மாட்டியபின் காவலரை மட்டும் தவறாமல் அனுப்புகிறது. 2023-இலேதான் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளே தமிழ்நாட்டில் வந்தன. விதி வந்தது, வேலிக்குப் பணம்?

யானை ஏன் ஊருக்குள் வருகிறது என்பது அடுத்த வினா. அது புதிதாக வரவில்லை, தோழர்களே. பாட்டன் காலத்து வழியிலே நடக்கிறது. வழிதான் மாறிவிட்டது. பன்னேர்கட்டாத் தேசியப் பூங்காவைச் சுற்றிக் காப்பு வளையமாக 268.96 சதுர கிலோமீட்டர் என்று 2016-இலே வரைவு போட்டார்கள். 2020-இலே ஒன்றிய அரசு இறுதி ஆணை பிறப்பித்தபோது அது 168.84 ஆகச் சுருங்கியிருந்தது. நூறு சதுர கிலோமீட்டர் எழுதுகோலின் ஒரே கோட்டிலே காணாமற் போயிற்று! பெங்களூரு வீங்க வீங்க அங்கே கல்லுடைப்பும் மனைப்பிரிவும் பெருகின. காட்டின் நெஞ்சை அங்கே அழுத்தினால் அது மூச்சுவிடத் திரும்பும் பக்கம் நம்முடைய பக்கம்.

நம் பக்கம் மட்டும் ஒழுங்கா? 2022 நவம்பரிலே காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று 686 சதுர கிலோமீட்டரை அறிவித்தது மாநில அரசு. பாராட்டலாம். அடுத்த சில மாதங்களிலேயே, 2023-இன் தொடக்கத்தில், உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி உழவர்கள் சிப்காட்டுக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்து நாள்கணக்கிலே தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு கையால் யானைக்குச் சரணாலயம். மறு கையால் யானைக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள கழனியைக் கற்காடாக்கும் திட்டம். தொழிற்சாலை வேண்டாமென்று சொல்லும் பிற்போக்கர் அல்லோம் நாம். ஓசூர் வளர்ந்ததாலே நம் பிள்ளைகள் சோறுண்கிறார்கள். கெலமங்கலம் சாலையிலே விடியற்காலையில் சீருடைப் பெண்களை ஏற்றிச் செல்லும் பேருந்து வரிசையைக் காணும்போது எனக்கும் பெருமிதம்தான். ஆனால் ஆலைக்கு வரைபடம் போடும் அதிகாரி, அதே தாளில் யானை நடக்கும் வழியையும் வரைந்து பார்க்கக் கூடாதா? அது கேழ்வரகுக்காரனின் நிலத்தை ஆலைக்கும் யானைக்கும் நடுவே அரைபடாமல் காக்குமே!

'கலையைக் கலையாகப் பார், அன்பைப் பற்றிய படத்திலே நில ஆர்ஜிதம் எதற்கு' என்று சில விமரிசகர்கள் முகம் சுளிப்பார்கள். 40 நிமிடத்தில் அதற்கு இடமில்லை என்பார்கள். 25 நிமிடத்தில் 'ஹாலவுட்' அதைச் செய்து காட்டியதே! அதிலே அன்புக்கு இடமில்லாமலா போயிற்று? கதவோரம் ஒதுங்கிய குட்டி வால்ரசைப் பார்த்து அந்த ஆராய்ச்சியாளர் நிற்கும் நிலையைக் கண்டவன் அப்படிச் சொல்லமாட்டான். நான் இயக்குநர் மீது பழி போடவில்லை. ஐந்தாண்டுகள் காட்டோடு கிடந்து எடுத்தவர், எடுக்க நினைத்ததை எடுத்தார். அந்த ஒரு வரியையாவது சொன்னார். பழியெல்லாம், அந்த ஒரு வரியைக் கேட்டும் கேளாதவராய்க் கைதட்டிக் கலைந்து போன அவைகளின் மீது: லாஸ் ஏஞ்சல்ஸ் அவை, டில்லி அவை, சென்னை அவை.

நாம் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அஞ்செட்டியிலிருந்து சானமாவு வரையில் கிளைதோறும் இந்தப் படத்தை அனைவரும் சேர்ந்து பாருங்கள். கேழ்வரகு போட்டவர், தக்காளி போட்டவர், வனக்காவலர், மின்வாரிய லைன்மேன், ஆலையிலே இரவு முறை முடித்து வரும் தங்கை, எல்லோரையும் அழையுங்கள். தாய் யானை இறந்ததைச் சொல்லும் அந்த வாக்கியம் வந்ததும் படத்தை நிறுத்துங்கள். விளக்கைப் போட்டு, நம் ஒன்றியத்திலே காட்டோரம் எத்தனை காததூரத்துக்கு அரசு வேலி உண்டு, தாழத் தொங்கும் மின்கம்பிகள் எந்தெந்தச் சர்வே எண்ணில் உள்ளன, சென்ற அறுவடைக்குக் கேட்ட இழப்பீட்டில் எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேருக்கு வரவில்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டிலே எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு மீதிப் படத்தைப் போடலாம். அந்த நோட்டை அடுத்த உழவர் குறைதீர் நாளன்று கிருஷ்ணகிரி ஆட்சியர் மேசைமீது வைத்து, ஒவ்வொரு வரிக்கும் எழுத்திலே பதில் கேளுங்கள்.